லாஸ் ஏஞ்சலிஸ் கொரியாடவுனில் கொரியன் பார்பிக்யூ: மேசையில் உட்கார்வது முதல் பில் கட்டுவது வரை

கொரியன் பார்பிக்யூ கடையில் சமையல்காரர் பாதிச் சமையலோடு நிறுத்திக்கொள்கிறார். வெட்டுவதும் ஊறவைப்பதும் அவர் வேலை. சுடுவது உங்கள் தலையில். அதனால்தான் ஒரே கடையில், ஒரே இறைச்சியை வாங்கி, ஒரு மேசைக்காரர்கள் சப்புக்கொட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து மேசைக்காரர்கள் ரப்பரை மென்றுகொண்டிருக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் அவசரம். பசியில் மொத்தத்தையும் கிரில்லில் கொட்டினால் சூடு இறங்கிவிடும், இறைச்சி நீர் விடும், அந்த நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும். மேசை நடுவில் பதித்திருக்கும் கிரில்லின் அகலம் ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அது தாங்கும் வேகத்தில்தான் சாப்பிட முடியும். எதை முதலில் கேட்பது, எவ்வளவு கேட்பது, எப்போது கிரில் தட்டை மாற்றச் சொல்வது எல்லாம் இதை ஒட்டியே அமையும்.

இந்த வழிகாட்டி லாஸ் ஏஞ்சலிஸ் கொரியாடவுனை மனதில் வைத்து எழுதியது. டவுன்டவுனுக்கு மேற்கே வில்ஷயர், வெஸ்டர்ன், வெர்மான்ட், ஒலிம்பிக் ஆகிய சாலைகளைச் சுற்றி இருக்கும் பகுதி அது. அமெரிக்காவின் 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு கொரியர்கள் பெருமளவில் வரத் தொடங்கினார்கள். 1971-இல் ஹி டுக் லீ என்பவர் ஒலிம்பிக் சாலையில் ஒரு கொரிய மளிகைக் கடை போட்டார். 1975-இல் அருகிலேயே கொரிய ஓட்டுக்கூரை வேய்ந்த வி.ஐ.பி. பேலஸ் என்ற பெரிய உணவகத்தையும் திறந்தார். கொரியாடவுன் அந்த வட்டாரத்தைச் சுற்றித்தான் வளர்ந்தது. அதே கட்டடத்தில் பின்னாளில் மெக்சிகோவின் ஓஹாகா சமையல் உணவகம் வந்தது. இன்று இந்தப் பகுதியில் குடியிருப்பவர்களில் லத்தீன் அமெரிக்கர்களே அதிகம். கொரியன் கடைகளில் தட்டு மாற்ற வருபவரும் இறைச்சி வெட்டுபவரும் பல நேரம் ஸ்பானிஷ் பேசுபவர்களாகவே இருப்பார்கள். அவர்களுக்குக் கொரிய உணவுப் பெயர்கள் எல்லாம் அத்துப்படி.

1. எந்த மாதிரிக் கடை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடைகள் இரண்டு வகை. ஒன்று, தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு கேட்கக் கேட்கத் தரும் அன்லிமிடெட் கடை. மற்றது, தட்டுக்குத் தட்டு விலை போடும் கடை.

அன்லிமிடெட் கடையில் விதிகள் உண்டு. மேசையில் உள்ள எல்லோரும் ஒரே விலை மெனுவை எடுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான் கெடு. ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று தட்டுக்கு மேல் தர மாட்டார்கள். மீதி வைத்தால் தனியாகக் காசு. பல கடைகளில் மெனுவை ஏ, பி, சி என்று பிரித்திருப்பார்கள். ஏ என்பதுதான் மலிவு. வாசல் கண்ணாடியில் பெரிதாக ஒட்டியிருக்கும் ஏ வேறு. அது லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்ட்டி சுகாதாரத் துறை கொடுக்கும் தர எழுத்து, அதில் ஏ-தான் உயர்ந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தட்டுக் கணக்குக் கடையில் இறைச்சியின் தரம் ஒரு படி மேலே இருக்கும். அமெரிக்க வேளாண் துறை மாட்டிறைச்சியை பிரைம், சாய்ஸ், செலக்ட் என்று வகைப்படுத்துகிறது. பிரைமில் சதைக்கு நடுவே ஓடும் வெள்ளைக் கொழுப்பு இழைகள் அதிகம். மசாலா இல்லாமல் உப்பு மட்டும் தொட்டுச் சாப்பிடும் துண்டுகளுக்கு இந்த வித்தியாசம் நாக்கில் தெரியும்; சோயாவும் சர்க்கரையும் போட்டு ஊறவைத்ததில் அவ்வளவாகத் தெரியாது. எங்களைக் கேட்டால், நான்கு இளவட்டங்கள் சேர்ந்து வயிறு முட்டச் சாப்பிடப் போகும்போது அன்லிமிடெட். பெரியவர்கள், குழந்தைகள், பாதி வயிற்றுக்காரர்கள் இருக்கும் குடும்பம் என்றால் தட்டுக் கணக்கில் இரண்டு மூன்று பேருக்கான காம்போ. ஒழுங்காகக் கணக்குப் போட்டால் குடும்பத்துக்கு இதுவே சிக்கனம்.

அடுத்தது நெருப்பு. கரி அடுப்பா, கேஸா? கரியில் புகை மணம் ஏறும். மாட்டு விலா, ஊறவைத்த இறைச்சி போன்றவற்றுக்கு அதுவே பொருத்தம். கொழுப்பு அதிகமுள்ள பன்றி வயிற்றுப் பகுதியைக் கம்பி வலை போட்ட கரியில் சுட்டால், உருகிய கொழுப்பு கங்கில் சொட்டிக் குபீரென்று தீ எழும்பும், துண்டின் மேல் கரிப் புகை படியும். அதற்குக் கனமான இரும்புத் தட்டு வைத்த கேஸ் அடுப்புதான் சரி.

2. கிளம்பும் முன்

வெள்ளி, சனி மாலைகளில் 6 மணிக்கு மேல் போனால் காத்திருக்கத் தயாராகப் போங்கள். வாசலில் டேப்லட்டிலோ நோட்டிலோ பெயர், ஆள் எண்ணிக்கை, போன் நம்பர் எழுத வேண்டும். எல்லோரும் வந்து சேர்ந்தால்தான் உட்கார வைப்பார்கள். ஒருவர் பார்க்கிங்கில் சுற்றிக்கொண்டிருந்தால் உங்கள் முறை அடுத்தவருக்குப் போய்விடும். பார்க்கிங் இங்கே பெரிய தலைவலி. கடைகளின் சிறு வளாகங்களில் பெரும்பாலும் வாலட்தான், அதாவது ஊழியரே காரை வாங்கி நிறுத்துவார்; சில்லறை டாலர் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ டி லைனில் வந்தால் வில்ஷயர் வெர்மான்ட், வில்ஷயர் நார்மண்டி, வில்ஷயர் வெஸ்டர்ன் என மூன்று நிலையங்கள் உண்டு. குடிக்கப் போகிறவர்களுக்கு அதுவே நல்லது.

பட்டுச் சேலை, கம்பளிக் கோட்டு வேண்டாம். மேசைக்கு மேல் தொங்கும் புகை உறிஞ்சும் குழாயோ கிரில்லின் ஓரத்திலேயே உள்ளிழுக்கும் துளையோ இருந்தாலும், வீடு திரும்பும்போது தலைமுடி வரை வாசனை ஏறியிருக்கும். சில கடைகளில் ஸ்டூலின் மூடியைத் திறந்தால் உள்ளே பெட்டி இருக்கும். கைப்பையையும் ஜாக்கெட்டையும் அதில் போட்டு மூடிவிடலாம். ஏப்ரன் கேட்டால் தருவார்கள். கேளுங்கள்.

3. உட்கார்ந்ததும்

கரண்டி, சாப்ஸ்டிக், நாப்கின் எதுவும் மேசை மேல் இல்லை என்று தேட வேண்டாம். பல கடைகளில் மேசையின் பக்கவாட்டில் இழுப்பறை இருக்கும், அதில் எல்லாம் இருக்கும். கொரிய சாப்ஸ்டிக் எவர்சில்வரில், தட்டையாக, மெலிதாக இருக்கும், கொஞ்சம் வழுக்கும். சோற்றையும் குழம்பையும் கொரியர்கள் கரண்டியால்தான் சாப்பிடுகிறார்கள், ஆகையால் சாப்ஸ்டிக் வராதவர் தயங்க வேண்டியதில்லை. மேசை ஓரத்தில் அழைப்பு மணி இருந்தால் அதை அழுத்துவது மரியாதைக் குறைவு ஆகாது. மணி இல்லையென்றால் கையைச் சற்று உயர்த்தி "யோகியோ" என்றால் போதும், 'இங்கே' என்று பொருள். பரிமாறும் நடுவயதுப் பெண்ணைக் கொரியர்கள் "இமோ" என்று கூப்பிடுவார்கள். அம்மாவின் சகோதரிக்கு உரிய சொல் அது. நம் ஊரில் மெஸ் நடத்துபவரை அக்கா என்று கூப்பிடுவதைப் போலத்தான்.

கேட்காமலே வந்து இறங்கும் சின்னச் சின்னக் கிண்ணங்களின் பெயர் பான்ச்சான். கிம்ச்சி (மிளகாய் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ்), முள்ளங்கிக் கிம்ச்சி, சோயா மொச்சை முளை, கீரை, உருளைக்கிழங்கு சாலட், மீன் கேக் வறுவல் என்று ஆறிலிருந்து பத்து வகை வரலாம். காசு கிடையாது, தீர்ந்தால் மறுபடி கேட்கலாம். கிண்ணத்தைக் காட்டி "தோ ஜுசேயோ" என்றால் 'இன்னும் கொடுங்கள்'. ஆனால் இது தொடுகறி; பசியில் இதிலேயே வயிற்றை நிரப்பிவிட்டு இறைச்சி வரும்போது திணறுபவர்கள் ஏராளம். கூடவே வரும் வெங்காயத்தாள் சாலட்டை மட்டும் தொடாமல் வையுங்கள். மிளகாய்ப்பொடியும் வினிகரும் போட்டு மெலிதாகச் சீவியிருக்கும் அது கொழுப்புள்ள துண்டோடு சேர்த்துச் சாப்பிடுவதற்கு.

4. எதை, எவ்வளவு

பக்கப் பண்டங்கள், சோறு, கடைசியில் நூடுல்ஸ் எல்லாம் இருப்பதால் ஆளுக்கு 200 முதல் 225 கிராம் பச்சை இறைச்சி தாராளம். மெனுவில் அவுன்ஸில் போட்டிருப்பார்கள்; 8 அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 225 கிராம், 1 பவுண்டு 454 கிராம். நான்கு பேருக்கு நான்கு தட்டு, அதையும் இரண்டிரண்டாகக் கேளுங்கள். ஒரே நேரத்தில் வந்தால் மேசையில் வைக்க இடமிருக்காது, அடுப்புச் சூட்டில் பச்சை இறைச்சி கசிந்துகொண்டிருக்கும்.

பெயர்களைத் தெரிந்துகொண்டால் மெனு பயமுறுத்தாது:

சாதோல்பேகி: மாட்டின் நெஞ்சுப் பகுதி, உறையவைத்துக் காகிதம் போலச் சீவியது, சுருண்டு வரும். மசாலா இல்லை.

கொட்சல்: கொழுப்பு இழை பூப்போல விரிந்த மாட்டுத் துண்டு, 'பூ இறைச்சி' என்றே பொருள். உப்புக்கு ஏற்றது.

கல்பி: மாட்டு விலா. ஊறவைக்காதது செங் கல்பி, ஊறவைத்தது யாங்னியோம் கல்பி. எலும்போடு ஒட்டிய சதையை மடிப்பு மடிப்பாக விரித்து ஒரு நீளப் பட்டையாக்கி, எலும்பைச் சுற்றிச் சுருட்டி வைத்திருப்பார்கள். எல்.ஏ. கல்பி என்பது இன்னொரு வெட்டு. மூன்று நான்கு எலும்புகளைக் குறுக்கே ரம்பத்தால் மெல்லிய பட்டையாக அறுத்தது. பட்டையின் ஓரத்தில் எலும்பு வில்லைகள் வரிசையாகத் தெரியும். இந்த ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கும் அந்த வெட்டு இப்போது கொரியாவிலேயே பண்டிகைச் சாப்பாட்டில் இடம்பிடித்துவிட்டது. பெயர் எப்படி வந்தது என்பதில் இரண்டு கட்சி உண்டு: இங்கே குடியேறியவர்கள் அமெரிக்கக் கசாப்புக் கடை வெட்டைப் பழகிக்கொண்டதால் என்பது ஒன்று, 'லேட்டரல்' என்ற வெட்டுச் சொல்லின் சுருக்கம் என்பது இன்னொன்று.

புல்கோகி: மெலிதாகச் சீவி, சோயா, சர்க்கரை, பேரிக்காய்ச் சாறு, பூண்டு சேர்த்து ஊறவைத்த மாட்டிறைச்சி. வெறுமனே புல்கோகி என்றால் மாடுதான். த்வேஜி புல்கோகி பன்றி, தாக் புல்கோகி கோழி.

சம்கியோப்சல்: பன்றி வயிற்றுப் பகுதி. சதை, கொழுப்பு, சதை என்று அடுக்காக இருப்பதால் 'மூவடுக்குச் சதை'. மோக்சல் பன்றிக் கழுத்துப் பகுதி, கொழுப்பு குறைவு. ஹாங்ஜோங்சல் தாடைப் பகுதி, கடித்தால் மொறுமொறுப்பு. முதல் முறை போகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

கோப்சாங், தேச்சாங்: குடல். நம் ஊர்க் குடல் கறி போல நீண்ட நேரம் வேகவைத்து வருவதில்லை, கிரில்லில் பொறுமையாகச் சுட வேண்டும். முதல் நாளே வேண்டாம்.

நான்கு பேருக்கு எங்கள் வரிசை: ஒரு சாதோல்பேகி, ஒரு செங் கல்பி அல்லது கொட்சல், ஒரு சம்கியோப்சல், கடைசியாக ஒரு யாங்னியோம் கல்பி. சில கடைகளில் ஊறவைத்த இறைச்சி குறைந்தது இரண்டு பங்கு எடுக்க வேண்டும் என்று மெனுவின் மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். ஆர்டருக்கு முன் பாருங்கள்.

5. சுடும் வரிசை

ஊறவைக்காதது முதலில், ஊறவைத்தது கடைசியில். இது ருசிக்கான சம்பிரதாயம் மட்டுமல்ல. ஊறல் நீரில் சர்க்கரை இருக்கிறது. அது சூட்டில் உருகித் தட்டில் ஒட்டும், ஒட்டியது கருகும், கருகிய கசப்பு அதற்கடுத்து வைக்கும் எல்லாவற்றிலும் ஏறும். முதலிலேயே யாங்னியோம் கல்பியைப் போட்டால் பத்து நிமிடத்தில் தட்டு கறுத்து, அப்புறம் வைக்கும் நல்ல செங் கல்பியும் கரி மணக்கும்.

கேஸ் தட்டு சூடேற நான்கைந்து நிமிடம் பிடிக்கும். முதல் துண்டின் ஒரு மூலையைத் தட்டில் தொட்டுப் பாருங்கள். 'சுர்' என்று சத்தம் வராவிட்டால் எடுத்துவிடுங்கள். சூடேறாத தட்டில் போட்டதுதான் ஒட்டிக்கொண்டு கிழியும்.

சாதோல்பேகிக்கு ஒரு பக்கம் 20 விநாடி, மறுபக்கம் 10 விநாடி. சிவப்பு மறைந்ததும் எடுத்து அப்போதே சாப்பிட வேண்டும். தட்டில் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் காய்ந்த வடகமாகிவிடும். ஆகையால் ஒரு தடவைக்கு ஆளுக்கு ஒரு சுருள் மட்டும். கொட்சல், செங் கல்பி போன்ற ஒரு சென்டிமீட்டர் தடிமன் துண்டுகளை அடிக்கடி புரட்ட வேண்டாம். மேல்பக்கத்தில் சிறு நீர்முத்துகள் எழும்பும்போது ஒரு முறை புரட்டி, மறுபக்கம் நிறமானதும் கத்தரிக்கோலால் வாய்க்கு ஏற்றபடி வெட்டினால் போதும். எலும்பை மட்டும் வெட்டித் தட்டின் ஓரத்தில் தள்ளிவிடுங்கள். எலும்பை ஒட்டிய சதை வேக நேரம் பிடிக்கும், ஆனால் கடித்து இழுக்க அதுதான் அருமை.

சம்கியோப்சலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம், ஏனென்றால் அதிகம் கெடுவது அதுதான். கட்டை விரல் அகலத் தடிமனில் கையளவு நீளமான பட்டைகள் வரும். இரும்புத் தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், சரிவின் அடியில் கொழுப்பு வடியத் துளை இருக்கும், அதன் கீழே பேப்பர் கப்போ கிண்ணமோ வைத்திருப்பார்கள். பட்டைகளை ஒன்றோடொன்று தொடாமல் மேட்டுப் பக்கம் வையுங்கள், நான்குக்கு மேல் வேண்டாம். சரிவில், கொழுப்பு ஓடும் வழியில், கிம்ச்சியையும் சோயா மொச்சை முளையையும் வையுங்கள். வழிந்து வரும் பன்றிக் கொழுப்பில் அவை வதங்கும். இந்தக் கிம்ச்சிக்காகவே சிலர் இந்த வகைக் கடைக்குப் போகிறார்கள். மூன்று நிமிடம் பட்டையைத் தொடாதீர்கள். அடிப்பக்கம் வெளிர்பழுப்பாகி ஓரம் லேசாகச் சுருளும்போது புரட்டுங்கள். இன்னும் இரண்டு மூன்று நிமிடம். இப்போது இடுக்கியால் ஒரு நுனியைத் தூக்கிப் பிடித்து, கத்தரிக்கோலால் குறுக்கே இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டுங்கள். வெட்டிய முகங்கள் வெள்ளையாகத் தெரியும். அவற்றையும் தட்டில் படும்படி சாய்த்து வைத்து இரண்டு மூன்று நிமிடம் முறுக வைப்பதில்தான் வித்தை இருக்கிறது. பச்சையாக இருக்கும்போதே வெட்டிவிட்டால் நீரெல்லாம் இறங்கிக் கெட்டியாகிவிடும். மொத்தம் எட்டுப் பத்து நிமிடம் ஆகும். வெந்த துண்டுகளை ஓரத்தில் ஒதுக்கி அடுப்பைக் குறையுங்கள்.

பாதுகாப்பு விஷயம் ஒன்று. பச்சை இறைச்சி எடுக்கும் இடுக்கி வேறு, வெந்ததை எடுக்கும் இடுக்கி வேறு. ஒன்றுதான் தந்திருந்தால் இன்னொன்று கேளுங்கள். வாயில் வைக்கும் சாப்ஸ்டிக்கால் பச்சைத் துண்டைத் தொடவே கூடாது. பன்றித் துண்டு உள்ளே 63 டிகிரி செல்சியஸ் தொட்டு மூன்று நிமிடம் ஆற வேண்டும், கோழிக்கு 74 டிகிரி என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. மேசையில் தெர்மாமீட்டர் இருக்காது. கோழித் துண்டை வெட்டிப் பார்த்து நடுவே இளஞ்சிவப்பு இருந்தால் திரும்பப் போடுங்கள்.

பணியாளர் வந்து தானே சுட்டுக் கொடுத்தால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். விலை கூடிய கடைகளில் இது வழக்கம். அவர் நகர்ந்ததும் துண்டுகளைப் புரட்டி விளையாடுவது அவர் கணக்கைக் கெடுக்கும்.

6. இலையில் மடிப்பது

கொரியர்கள் இதை 'சாம்' என்கிறார்கள், பொட்டலம் என்று பொருள். வெற்றிலை போட்டுப் பழகிய கைக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. இடது உள்ளங்கையில் லெட்யூஸ் இலையை விரியுங்கள். அதன் மேல் கேன்னிப் இலை ஒன்று. பெரில்லா என்ற செடியின் இலை அது, சோம்பும் புதினாவும் கலந்தது போல மணக்கும், பலருக்கு இரண்டாம் வாயில்தான் பிடிக்கும். ஒரு துண்டு இறைச்சியை எள் எண்ணெயில் தொட்டு வையுங்கள். சாம்ஜாங் பட்டாணி அளவு. அது புளித்த சோயா விழுதும் மிளகாய் விழுதும் சேர்ந்தது, உப்பு அதிகம். தாராளமாகத் தடவினால் வேறு எதுவும் தெரியாது. பிறகு தட்டில் லேசாகச் சுட்ட ஒரு பூண்டுச் சீவல், கொஞ்சம் வெங்காயத்தாள் சாலட், விரும்பினால் பச்சை மிளகாய் வில்லை. ஓரங்களைச் சேர்த்துக் கசக்கி ஒரே வாயில் போட வேண்டும். பாதி கடித்தால் மீதி மடியில். ஆகவே பெரிய இலையாக இருந்தால் பாதியாகக் கிழித்துக்கொள்ளுங்கள்.

தொட்டுக்கொள்ளும் அந்த எண்ணெய்க்கு கிரும்ஜாங் என்று பெயர்: எள் எண்ணெய், உப்பு, மிளகு. நம் நல்லெண்ணெயை எதிர்பார்க்காதீர்கள். கொரிய எண்ணெய் எள்ளை நன்றாக வறுத்த பின் ஆட்டியது, நிறமும் மணமும் தூக்கலாக இருக்கும். கொட்சல், சாதோல்பேகிக்கு இது மட்டும் போதும். இலையும் சாம்ஜாங்கும் நல்ல மாட்டிறைச்சியின் ருசியை மூடிவிடும். சம்கியோப்சலுக்கோ இலை இல்லாமல் முடியாது, இல்லாவிட்டால் நாலு துண்டில் திகட்டும். லாஸ் ஏஞ்சலிஸ் கடைகள் பலவற்றில் லெட்யூஸுக்குப் பதிலாக வழுவழுப்பான வெள்ளை அரிசித் தாள்களும் சிவந்த முள்ளங்கி வில்லைகளும் வரும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சாப்ஸ்டிக்கால் மல்லுக்கட்டாமல் கையால் பிரியுங்கள்.

7. தட்டை மாற்றச் சொல்லுங்கள்

"புல்பான் காரா ஜுசேயோ": 'கிரில் தட்டை மாற்றிக் கொடுங்கள்'. கொரிய மொழியில் ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொள்வதாக இருந்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். மாட்டிலிருந்து பன்றிக்குப் போகும்போதும், ஊறவைத்த இறைச்சி இரண்டு சுற்று சுட்ட பிறகும், அடி கறுத்துப் புகையும்போதும் கேளுங்கள். காசு கிடையாது. கேட்கத் தயங்குவதாலேயே பாதி மேசைகளில் கடைசித் தட்டு கசக்கிறது. தீ எழும்பினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, கொழுப்பு தெறிக்கும். துண்டுகளை ஓரத்துக்கு நகர்த்தி அடுப்பைக் குறைத்துவிட்டுப் பணியாளரைக் கூப்பிடுங்கள்.

யாங்னியோம் கல்பியைப் புதிய தட்டில், நடுத்தரத் தீயில், அடிக்கடி புரட்டிச் சுட வேண்டும். மற்றவற்றுக்குச் சொன்னதற்கு நேர் எதிர். ஓரம் கருகும் முன் வெட்டி இடம் மாற்றிக்கொண்டே இருங்கள்.

8. கடைசிச் சாப்பாடு

இறைச்சி முடிந்தால் சாப்பாடு முடிந்ததாகக் கொரியர்கள் நினைப்பதில்லை. மூன்று வழி உண்டு. த்வென்ஜாங் ஜிகே, சோயா விழுதில் கொதிக்கக் கொதிக்க வரும் குழம்பு, வெறும் சோற்றோடு. நேங்மியோன், மரக்கோதுமை (பக்வீட்) மாவும் ஸ்டார்ச்சும் கலந்த நூடுல்ஸ், பனிக்கட்டி மிதக்கும் குளிர்ந்த மாட்டெலும்பு ரசத்தில். பணியாளர் கத்தரிக்கோலோடு வந்து வெட்டட்டுமா என்பார். சரி என்று சொல்லுங்கள், நூல் அவ்வளவு நீளம், அவ்வளவு இழுவை. வினிகரும் கடுகு விழுதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ருசி பாருங்கள். ஊறவைத்த கல்பித் துண்டு ஒன்றை அந்தக் குளிர்ந்த நூடுல்ஸோடு சேர்த்து வாயில் போடுவதுதான் பழைய முறை. மூன்றாவது வழி பொக்கும்பாப்: மீந்த கொழுப்பு, கிம்ச்சி, முளையோடு அதே தட்டில் சோற்றைப் போட்டு வறுத்துத் தருவார்கள், அடி பிடித்த பொறுக்குதான் ருசி. இரும்புத் தட்டில்தான் இது முடியும், கம்பி வலையில் முடியாது. நான்கு பேருக்கு இரண்டு பங்கு போதும்.

9. குடியும் மரியாதையும்

சோஜு என்ற கொரிய மதுவின் பாட்டில் 360 மில்லி. பச்சைப் பாட்டிலின் வீரியம் பெரும்பாலும் 16, 17 சதவீதம். கலிபோர்னியாவில் பீர், ஒயின் உரிமம் மட்டுமே உள்ள உணவகங்களும் 24 சதவீதத்துக்கு மேற்படாத சோஜுவை விற்கச் சட்டம் இடம் கொடுத்திருப்பதால் சின்னக் கடையிலும் கிடைக்கும். 21 வயது ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டை கேட்பார்கள். தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்வதில்லை. அடுத்தவருக்கு ஊற்றுங்கள், அவர் உங்களுக்கு ஊற்றுவார். பெரியவருக்கு ஊற்றும்போதும் வாங்கும்போதும் இரண்டு கை. அவர் முன்னே குடிக்கும்போது முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்வார்கள். மேசையில் மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகு மற்றவர்கள் தொடங்குவது வழக்கம். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். அது இறந்தவருக்குப் படைக்கும் சோற்றின் தோற்றம்.

10. மாடு சாப்பிடாதவர், சைவர், ஹலால் பார்ப்பவர்

மாட்டை மட்டும் தவிர்ப்பவருக்குச் சிரமமில்லை: பன்றி, கோழி, இறால் மட்டும் எடுத்து, உட்கார்ந்ததுமே புதுக் கிரில் தட்டு கேளுங்கள். ஆனால் நேங்மியோன் ரசம், பல கடைகளின் ஜிகே ஆகியவற்றில் மாட்டெலும்புச் சாறு இருக்கும். ஹலால் பார்ப்பவருக்கு, ஹலால் என்று வெளிப்படையாகச் சொல்லும் கடையைத் தவிர வேறு எதுவும் சரிவராது. பன்றி சுட்ட அதே தட்டுகள்தான் கழுவித் திரும்ப வரும். சைவருக்கு நிலைமை இன்னும் மோசம். கிம்ச்சியில் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ உண்டு, காய்கறிபோலத் தெரியும் பான்ச்சானிலும் மீன் சாறு இருக்கலாம், குழம்பில் நெத்திலி வேகவைத்த தண்ணீர். காளான், வெங்காயம், பூசணி சுட்டு, வெறும் சோறு, லெட்யூஸ், சாம்ஜாங் என்று ஒப்பேற்றலாம், அதற்கு முழு விலை கொடுப்பது வீண். கூட வருபவர் சுத்த சைவம் என்றால் வேறு கடையைத் தேர்ந்தெடுங்கள். எள், சோயா, கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களும் அப்படியே. சோயா சாஸிலும் மிளகாய் விழுதிலும் கோதுமை இருப்பது சாதாரணம்.

11. பில்

அன்லிமிடெட்டில் தட்டில் மீதி இருந்தால் பில்லுக்கு முன் பார்க்க வருவார்கள். கடைசி இருபது நிமிடத்தில் புதிதாக இறைச்சித் தட்டு கேட்காதீர்கள். விற்பனை வரி ஒன்பது சதவீதத்துக்கு மேல் சேரும், அதற்கு மேல் டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம். ஆறு பேருக்கு மேல் போனால் பல கடைகள் டிப்ஸைப் பில்லிலேயே சேர்த்துவிடும். கீழே 'கிராஜுவிட்டி' என்ற வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே டிப்ஸ் கட்டத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை கொடுத்துவிடுவீர்கள். எழும்போது "ஜால் மோகோஸ்ஸும்னிதா" என்றால் 'நன்றாகச் சாப்பிட்டேன்'. கல்லாவில் புதினா மிட்டாயும், சில கடைகளில் துணிக்கு அடிக்கும் வாசனை ஸ்ப்ரேயும் வைத்திருப்பார்கள். ஸ்ப்ரே அடித்தாலும் சட்டையை அன்றிரவு அலமாரிக்குள் வைக்காதீர்கள், பால்கனியில் தொங்கட்டும்.